மீசை நெல்லுக்கு அப்பா யார்?

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு உங்கள் அனுபவத்தைக் கொஞ்சம் எழுதிக் கொடுங்கள் என்று போன வாரம் போன் வந்தது. கேட்டவுடன் எனக்குச் சந்தேகம்தான் வந்தது. வேலையில் இருந்தவரை என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகு எதற்குக் கேட்கிறார்கள்? ஆண்டு மலரில் பக்கம் ஏதாவது காலியாக இருக்கிறதா என்று கேட்டேன். அந்தப் பக்கம் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பும் கொஞ்சம் மழுப்பலாகத்தான் இருந்தது. போகட்டும், எழுதுகிறேன்.

நான் சந்தேகக்காரி. பிறவியிலேயே அப்படி இல்லை, பழக்கிவிட்டார்கள். எங்கள் குடும்பம் நெல் விளைவிக்கிற குடும்பம். களத்தில் நெல்லைக் குவித்ததும் அப்பா குவியலைச் சுற்றிச் சாணிப்பாலால் குறி போடுவார். யாராவது ஒரு கை அள்ளினாலும் குறி கலைந்துவிடும். அதற்கு முன்பே, தூற்றுகிற பெண்கள் நெல்லை மடியில் முடிகிறார்களா என்று பார்ப்பதற்கு என்னை உட்காரவைப்பார்கள். எனக்கு அப்போது ஆறு வயதிருக்கும். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு படிப்பதற்கு முன்பே அடுத்தவர் கையைப் பார்க்கப் படித்துவிட்டேன். இது பின்னால் வேண்டியிருக்கும் என்பதால் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

நம் வேலை என்ன என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், தெரியும் என்று நினைத்துத்தான் நானே கவிழ்ந்தேன். இலையைப் பச்சையாக வைத்திருக்கிற பசுங்கணிகத்துக்கு, உட்கருவைச் சாராத சின்ன மரபணுத் தொகுப்பு ஒன்று சொந்தமாக உண்டு. நெல் போன்ற பயிர்களில் அது தாய்ச்செடியிலிருந்து மட்டும் வரும். தாயிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து அவள் மகளுக்கு என்று ஏறக்குறைய அப்படியே கைமாறும். அந்த மரபணுவில் எழுதியிருக்கிற எழுத்து மாறுவது ரொம்ப மெதுவாக நடக்கும். அதனால்தான் எந்தக் காட்டு நெல்லின் வழியில் எந்த நாட்டு நெல் வந்தது, எந்தச் செடிக்கு எது உறவு என்று லட்சக்கணக்கான வருடக் கதையை இந்த மரபணுக்களை வைத்துப் படிக்கிறோம். காக்களூர் தொழிற்பேட்டையில், பெயின்ட் கம்பெனிக்கும் பிளாஸ்டிக் குடம் செய்கிற கம்பெனிக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு இதைத்தான் நான் செய்துகொண்டிருந்தேன்.

முதலில் ஒரு சின்ன அவமானம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஆராய்ச்சி மாணவி நாகலாபுரம் மலையில் பறித்ததாகச் சொல்லி ஒரு செடியின் இலைகளைக் கொண்டுவந்தாள். பசுங்கணிக மரபணுவைப் படித்துப் பார்த்தால் முருங்கை என்று வந்தது. மலைப்பக்கமே போகாமல் பக்கத்து வீட்டு மரத்தில் பறித்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்று முடிவு கட்டி, நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டேன். அந்தப் பெண் அழுதுவிட்டாள். எனக்கு வேலை கற்றுத்தந்த மேலதிகாரி மொட்டைமாடிக்குப் போனார். இலை உலர்த்தியிருந்த செய்தித்தாளைக் கொண்டுவந்து என் மேசையில் உதறினார். முருங்கையிலைத் தூள் விழுந்தது. அந்தத் தாள் என் வீட்டுத் தாள். முருங்கைக்கீரை காயவைத்த தாளை வீணாக்க வேண்டாமே என்று நான்தான் ஆய்வகத்துக்கு எடுத்து வந்திருந்தேன்.

"சந்தேகப்படு, வேணான்னு சொல்லல. ஆனா உங்கிட்டருந்து ஆரம்பி" என்றார் அவர். பலமாகத் தலையாட்டினேன். எத்தனையோ வருடம் கழித்து, அதே தவற்றை இன்னும் பெரிதாகச் செய்தேன்.

அது நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம். எங்கள் தொழிற்பேட்டையிலேயே ஒரு சிறிய விதைக் கம்பெனி இருந்தது. கவரைப்பேட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு விதைப்பண்ணையில் நெல் விளைவிப்பார்கள். காக்களூர் ஷெட்டுக்குக் கொண்டுவந்து மெஷினில் சுத்தம் செய்து, மூட்டை கட்டி, விவசாயிகளுக்கு விற்பார்கள். அந்தச் சொர்ணவாரிப் பட்டத்தில், அதாவது கோடைச் சாகுபடியில், திருவள்ளூருக்கு மேற்கே ஒரு விவசாயி அந்த விதையை வாங்கி நட்டிருந்தார். கதிர் வெளியே வந்ததும் பார்த்தால், வயலில் அங்கங்கே ஒரு முழம் உயரமாகச் சில பயிர்கள். கதிரில் ஒவ்வொரு நெல்லின் நுனியிலும் முடி போலச் சிவப்பாக நீளமான மீசை. ஒரு ரகத்துக்குள் தப்பி வந்து நிற்கிற வேறு பயிரை விதைத் தொழிலில் கலவன் என்பார்கள். விதையில் கலவன் இருக்கிறது என்று விவசாயி வேளாண்மை அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டார். விதையில் குறையில்லை, உங்கள் வயலோரக் குட்டையில் காட்டு நெல் மண்டிக்கிடக்கிறது, அதன் விதை உதிர்ந்து முளைத்திருக்கும் என்றார் கம்பெனி முதலாளி. இரண்டு பேரும் சேர்ந்து எங்களிடம் வந்தார்கள்.

வழக்கு எனக்குச் சுலபமாகத் தெரிந்தது. அந்த விதை ரகத்தின் பசுங்கணிகத்தில், இங்கே விளைகிற மற்றப் பயிர் ரகங்களில் இருப்பது போலவே, ஓரிடத்தில் சில எழுத்துகள் விட்டுப்போயிருக்கும். குட்டையோரக் காட்டு நெல்லில் அந்த எழுத்துகள் இருந்தன. மீசைப் பயிரின் இலையை எடுத்துப் படித்தால் போதும். எழுத்து இருந்தால் குட்டை, இல்லாவிட்டால் மூட்டை.

விவசாயி ஒரு விஷயம் சொன்னார். "கை பட்டா போதும் மேடம், கொட்டிப்புடுது. கதிர புடிச்சா கையில ஒண்ணும் நிக்கல." நான் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. நஷ்டப்பட்டவர்கள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள் என்று நினைத்தேன். முதலாளி மூட்டையிலிருந்து எடுத்து முத்திரை வைத்த விதைப் பொட்டலம் ஒன்றையும் கொடுத்திருந்தார். விற்கிற ஒவ்வொரு குவியலிலிருந்தும் அப்படி ஒரு பொட்டலம் எடுத்து வைப்பது அவர்கள் வழக்கம். இலையே போதும் என்று அதைப் பிரிக்காமல் மேசை இழுப்பறையில் போட்டேன். இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவு வந்தது. மீசைப் பயிர்கள் எல்லாவற்றிலும் எழுத்து இல்லை. எல்லாம் விதை ரகத்தைப் போலவே இருந்தன. குட்டைக் காட்டு நெல்லின் விதை உதிர்ந்து முளைத்தவை அல்ல. மறுநாள் வேளாண்மை அலுவலகத்தில் விசாரணை. மாலை நாலு மணிக்குள் அறிக்கை வேண்டும் என்று முதலாளி போன் மேல் போன் போட்டார்.

"ஒரே வார்த்தை சொல்லுங்க மேடம். வயலா, ஷெட்டா?"

"காட்டு நெல் விதை இல்லை. வேறு ஏதாவது ரகத்தை ஷெட்டில் சுத்தம் செய்தீர்களா?"

செய்திருந்தார்கள். இயற்கை விவசாயிகளுக்காக ஒரு பழைய ரகம். மீசையுள்ள, சிவப்பு அரிசி நெல். அதே மெஷினில், இந்தக் குவியலுக்கு முதல் நாள் ஓட்டியிருந்தார்கள். ரகம் மாற்றும்போது சல்லடைகளைக் கழற்றித் தட்டி, மூலை முடுக்கெல்லாம் துடைத்துக் காலி செய்ய வேண்டும். அந்தப் பொறுப்பு ஸ்டெல்லா என்ற பெண்ணுடையது என்றார் முதலாளி.

"அப்போ அந்தம்மா மெஷின சரியா தட்டல. அதானே?"

"அப்படித்தான் தோன்றுகிறது" என்றேன்.

அறிக்கையிலும் "வேறு பயிர் ரகத்தின் கலப்பாக இருக்கலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யார் பெயரையும் எழுதவில்லை. எழுதவும் கூடாது, அது நம் விதி. மூன்றரை மணிக்கே அனுப்பிவிட்டு, வாய்தா தவறாத பெருமையோடு டீ குடித்தேன். மறுநாள் விசாரணை முடிந்த கையோடு ஸ்டெல்லாவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து, காலை நாஷ்டா முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வாசலில் சத்தம் கேட்டது. நாற்பது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஒரு பெண்மணி வாட்ச்மேனோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். நம் வருகைப் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் தந்தை அல்லது கணவர் பெயர் என்று ஒரு கட்டம் உண்டு. அதை அவர் காலியாக விட்டிருந்தார். வாட்ச்மேன் ஆந்திர எல்லையில் சத்தியவேடு பக்கத்து ஆள், அப்பாவை நைனா என்பார். காலிக் கட்டத்தைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது.

"உங்க நைனா பேரு எழுதும்மா."

"அதான் எம்.ஸ்டெல்லான்னு எழுதிக்கீறனே. எம்முன்னா மரியம்மா. எங்க அம்மா."

"அம்மா பேர யாரு கேட்டா? நைனா பேரு."

"எந்தப் பேப்பர்லயும் அவரு பேரு இல்ல."

"அப்ப நைனாவே இல்லியா?"

"ஏன் இல்லாம? பேப்பர்ல இல்லன்னா ஆளே இல்லன்னு ஆயிடுமா? நான் இன்னா வானத்துலர்ந்து குதிச்சனா?"

காலையிலேயே இதென்ன பேஜார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. சண்டை போடத்தான் வந்திருக்கிறாள், அழுது காரியம் சாதிக்கப் பார்ப்பாள் என்று மனதுக்குள் தயாராகிக்கொண்டு உள்ளே விடச் சொன்னேன். ஸ்டெல்லா அழவில்லை. நாற்காலியில் உட்காரச் சொல்லும்வரை நின்றார். சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

"மெஷின நான்தான் தட்டினேன் மேடம். மூணு சல்லடையும் கழட்டி, உள்ள கைய உட்டு தொடச்சேன். அந்த மீசை நெல்லு ஒண்ணு வுழுந்திருந்தா எனுக்கு தெரியாம போயிருக்காது. பதினோரு வருசமா நெல்ல பாத்துக்கினு கீறேன்."

"பரிசோதனையில் வந்திருப்பதை நான் என்ன செய்ய முடியும்? நீ வேணும்னு செஞ்சேன்னு யாரும் சொல்லலையே" என்றேன். நீ என்றுதான் பேசினேன்.

"ஷெட்ல என்ன இப்போ இன்னான்னு கூப்புடறாங்க தெரியுமா? கலவன் ஸ்டெல்லா. கும்மிடிப்பூண்டில ஒரு கம்பெனில கேட்டேன். இங்க போன் பண்ணி விசாரிச்சிருக்காங்க. வர வேணாம்னுட்டாங்க. நான் வேற வேல எங்க தேடுவேன்?" கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "மூட்டைலர்ந்து ஒரு பொட்டணம் எடுத்து சீல் வெப்பாங்க. அது உங்ககிட்டதான் கீதுன்னாரு ஓனரு. அத்த பிரிச்சி கொட்டுங்க. அதுல ஒரு மீசை நெல்லு இருந்தா நான் எழுந்து போயிட்டே இருக்கேன்."

இழுப்பறையைத் திறந்தேன். பொட்டலம் நான் போட்ட இடத்திலேயே, சீல் உடையாமல் இருந்தது. ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டினேன். ஸ்டெல்லா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விரல்களால் நெல்லைத் தள்ளித் தள்ளிப் பார்க்க ஆரம்பித்தார். எவ்வளவு வேகம்! எனக்கு இந்தப் பக்கம் பத்து நெல் ஆவதற்குள் அவர் பக்கம் கால்வாசித் தட்டு முடிந்துவிட்டது.

திடீரென்று கை நின்றது.

"இன்னா மேடம், என் கைய பாக்கிறீங்களா?"

அவர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. நெல்லைப் பார்க்காமல், அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். மீசை நெல் ஏதாவது கிடைத்தால் மறைத்துவிடுவாரோ என்று. எத்தனை வருடம் படித்து, எத்தனை வருடம் வேலை பார்த்து, கடைசியில் நான் களத்து மேட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. குனிந்து என் பக்கத்து நெல்லைப் பார்த்தேன்.

தட்டு முழுக்கத் தேடினோம். இரண்டு தடவை தேடினோம். ஒரு மீசை நெல்கூட இல்லை. எல்லாம் அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி இருந்தன. பழைய ரகம் கலந்திருந்தால் நெல்லின் உமியிலேயே மீசை தெரிந்திருக்கும். வயலில் அவ்வளவு கலவன் நின்றதென்றால் பொட்டலத்தில் ஒன்றிரண்டாவது வந்திருக்க வேண்டும். ஆனால் விதை சுத்தம், பயிர் அசுத்தம். அது எப்படி?

வாசலில் கேட்ட சண்டை அப்போதுதான் என் மண்டைக்குள் நுழைந்தது. பேப்பரில் அம்மா பெயர் மட்டும்தான் இருக்கிறது. அதனால் அப்பாவே இல்லை என்று ஆகிவிடுமா?

பசுங்கணிகம் தாய் பெயரை மட்டும் எழுதுகிற பேப்பர். நான் அந்தப் பேப்பரைப் படித்துவிட்டு, தாய் விதை ரகம், ஆகவே காட்டு நெல்லுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று முடித்துவிட்டேன். விதைப்பண்ணையில் காட்டு நெல்லின் மகரந்தம் காற்றில் வந்து விதை ரகத்தின் பூவில் விழுந்திருந்தால்? பிறக்கிற நெல்லின் பசுங்கணிகம் தாயுடையதுதான், எழுத்து விட்டுப்போனதாகவே இருக்கும். அதுமட்டும் இல்லை. நெல்லின் உமி தாய்ச்செடியின் உடம்பு. உள்ளே இருக்கிற கரு யாருக்குப் பிறந்திருந்தாலும் வெளியே தாயின் சட்டையைத்தான் போட்டிருக்கும். ஸ்டெல்லா இல்லை, யார் உட்கார்ந்து பொறுக்கியிருந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. முளைத்து, வளர்ந்து, கதிர் விட்ட பிறகுதான் அப்பாவின் மீசை வெளியே தெரியும். அப்பாவைப் போலவே கை பட்டதும் கொட்டும். பழைய நாட்டு ரகங்கள் அப்படிக் கொட்டுவதில்லை. விவசாயி அதைத்தான் சொன்னார், நான்தான் அவரையும் நம்பவில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. வருடா வருடம் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். ஒரு செடி பார்க்க ஓர் இனம் போலவும் பசுங்கணிகத்தில் இன்னோர் இனம் போலவும் இருக்கும், எப்போதோ நடந்த கலப்பின் மிச்சம் அது, ஆகவே தாய்வழி மரம் ஒன்றும் உட்கரு மரபணுக்களை வைத்து இன்னொரு மரமும் வரைந்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்று கரும்பலகையில் படம் போட்டிருக்கிறேன். அன்றைக்கு ஏன் தோன்றவில்லை? நாலு மணி அவசரம் ஒரு காரணம். நிஜமான காரணம் வேறு. மெஷின் தட்டுகிற பெண் என்று சொன்ன உடனேயே என் சந்தேகத்துக்கு ஆள் கிடைத்துவிட்டது. ஆள் கிடைத்த பிறகு சாட்சியைச் சந்தேகப்பட எனக்குத் தேவை இருக்கவில்லை.

"ஒரு வாரம் கொடுங்க ஸ்டெல்லா" என்றேன்.

"அதுக்குள்ள ஓனரு வந்து உங்ககிட்ட இன்னா சொல்வாரோ" என்றார் அவர். என்னை நம்பவில்லை. நம்பாதது சரிதான்.

உட்கரு மரபணுக்கள் இரண்டு பக்கத்துக் கதையையும் சொல்லும். அவற்றைப் படித்தேன். மீசைப் பயிர்கள் ஒவ்வொன்றிலும் பாதி விதை ரகம், பாதி ஏதோ ஒரு காட்டு நெல். ஆனால் அந்தப் பாதி விவசாயியின் குட்டைக் காட்டு நெல்லோடு சேரவில்லை. அப்படியானால் கலப்பு நடந்தது விதை உருவான இடத்தில். விதைப்பண்ணையைப் பார்க்க வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னேன்.

"அங்க எதுக்கு மேடம்? அறுவட முடிஞ்சி மாசக்கணக்காச்சி. வெய்யில்ல எதுக்கு அலையறீங்க?"

என் வெயிலைப் பற்றி அவர் கவலைப்பட்டது எனக்குப் பிடிக்கவில்லை. மறுநாளே போகலாம் என்றேன். அவர் காரிலேயே பெரியபாளையம் வழியாகப் போனோம். வழியெல்லாம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். நெல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

விதைப்பண்ணை இரண்டு தொழிற்சாலை மதில்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட நிலம். மேற்கு வரப்பை ஒட்டி ஒரு வாய்க்கால் ஓடியது. வரப்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் மூன்று தப்படிகூட இல்லை. கரை முழுக்க ஏதோ புல்லை வழித்து அறுத்திருந்தார்கள். குனிந்து பார்த்தேன். அடித்தூர் நெல்லின் தூர். அறுத்த முனை இன்னும் பச்சையாக, ஈரமாக இருந்தது.

"எப்போ வெட்டினாங்க?"

"அது ஆச்சி மேடம், போன மாசம். கொசு தொல்லன்னு பக்கத்து கம்பெனில சொன்னாங்க, அதான்."

போன மாதம் அறுத்த தூர் இன்று ஈரமாக இருக்குமா என்று நான் கேட்கவில்லை. பண்ணைக்குப் போக வேண்டும் என்று நேற்று சாயங்காலம்தான் சொன்னேன் என்றும் ஞாபகப்படுத்தவில்லை. வாய்க்கால் கரையோடு நடந்தேன். சிறு பாலம் ஒன்றின் அடியில், கை எட்டாத இடத்தில், ஒரே ஒரு குத்து தப்பியிருந்தது. கதிரில் சிவப்பு மீசை. செருப்பைக் கழற்றிவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அந்த வயதில் வாய்க்காலில் இறங்கினேன். முதலாளி பதறினார்.

"ஐயோ மேடம், பாம்பு கீம்பு இருக்கப்போவுது!"

"இருந்தா அதையும் பாத்துடலாம்" என்றேன்.

அந்தக் குத்தின் இலைதான் அப்பாவைக் காட்டிக்கொடுத்தது. உட்கரு மரபணுவின் அந்தப் பாதி அச்சு அசலாகச் சேர்ந்தது. முதலாளிக்கு முன்பே தெரியுமா, என் முதல் அறிக்கையைப் பார்த்து நிம்மதியாக மூச்சு விட்டாரா, இல்லை நான் கேட்ட பிறகுதான் அவருக்கும் சந்தேகம் வந்து அறுக்கச் சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. என் சந்தேகம் இன்னும் தீரவில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டாவது அறிக்கையை எழுதினேன். முதல் அறிக்கையில் வந்த முடிவு தவறு, தவறு என்னுடையது என்றும் எழுதினேன். இங்கே சிலருக்கு அது பிடிக்கவில்லை. ஆய்வகத்தின் பெயர் கெடும், "கூடுதல் தகவல்" என்று போட்டால் போதாதா என்றார்கள். போதாது என்றேன். வேளாண்மை அலுவலகத்துக்கு ஒன்று, விவசாயிக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று போயிற்று. விவசாயிக்கு வேறு விதை கொடுத்தார்கள். ஸ்டெல்லாவுக்கு என்ன ஆயிற்று என்று முதலாளியிடம் கேட்டேன். "வந்தா வரட்டும், நான் வேணான்னா சொல்றேன்?" என்றார். கூப்பிட்டீர்களா என்று கேட்டதற்கு, லைன் சரியாகக் கேட்கவில்லை என்று போனை வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அறிக்கையின் நகலை எடுத்துக்கொண்டு நானே போனேன். காக்களூர் ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு காலனியில் வீடு. ஸ்டெல்லா சர்ச்சிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். கழுத்தில் இன்னும் நல்ல சேலையின் முந்தானை சுற்றியிருந்தது. நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், அறிக்கையை வாங்கினார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். தாய்வழி, தந்தைவழி, மகரந்தக் கலப்பு எல்லாவற்றையும் படித்தார். முடித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"என் பேரு எங்க மேடம்?"

"அறிக்கைல ஆளுங்க பேரு போட மாட்டோம் ஸ்டெல்லா. விதையப் பத்தி மட்டும்தான் எழுதணும். முதல் அறிக்கைலயும் உங்க பேரு இல்ல."

"அதுலயும் இல்லதான். ஆனா வேல என்னுதுதானே போச்சி?"

ஸ்டெல்லா அறிக்கையை நாலாக மடித்தார்.

"இத்த எடுத்துக்கினு போயி கும்மிடிப்பூண்டி கம்பெனில காட்டினா இன்னா புரியும் அவங்களுக்கு? நெல்லுக்கு அப்பா யாருன்னு புரியும். நான் கலக்கலன்னு எங்க கீது இதுல?"

விதி என்று ஒன்று இருக்கிறது, அது நல்ல விதிதான். உங்களுக்கும் அதைத்தான் சொல்லித்தருவார்கள். ஆனால் என் கையெழுத்து ஒருவர் பெயரைச் சொல்லாமலேயே அவரைக் கெடுக்க முடிந்தது என்றால், அதைத் திருத்தும்போது பெயர் சொல்லாமல் தப்பித்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை? அன்றைக்கு எனக்கு அப்படித்தான் பட்டது, இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது. பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்தேன். ஆய்வகத்தின் பெயரால் இல்லை, என் சொந்தப் பெயரால், கையால் எழுதினேன். இன்ன குவியல் நெல்லில் வந்த கலவன் விதைப்பண்ணையில் நடந்த மகரந்தக் கலப்பால் வந்தது. அது மெஷினில் கலந்ததல்ல, கண்ணால் பார்த்துப் பொறுக்கி எடுக்கக் கூடியதும் அல்ல. ஸ்டெல்லா தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார். அவர் மேல் பழி வந்தது நான் முதலில் தவறாகச் சொன்னதால். கீழே அப்பாவின் இனிஷியலோடு என் கையெழுத்து, தேதி, போன் நம்பர் எல்லாம் போட்டுக் கொடுத்தேன். மனது கொஞ்சம் லேசானது போல இருந்தது.

ஸ்டெல்லா அதையும் விரல் வைத்துப் படித்தார். அறிக்கையைவிட மெதுவாகப் படித்தார். இப்போது அவர் என் கையைப் பார்க்கிற முறை. நன்றி சொல்லுவார் என்று எதிர்பார்த்து நான் பேனாவை மூடிக்கொண்டிருந்தேன்.

தாளைத் திருப்பி என்னிடம் நீட்டினார்.

"ஒரு எழுத்து உட்டுட்டீங்க மேடம்" என்றார். "எம் போடுங்க."